கொழும்பில் நான் பூசிய சந்தனம்

இதை எழுத நான்கு வருடம் தயங்கினேன். மூன்று முறை நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, அதோடு மூடி வைத்துவிட்டேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான், ஆனால் தயக்கம் அதனால் வந்ததல்ல. எழுதினால் அம்மன் மேல் குறை சொன்னது போல் ஆகுமோ என்று ஒரு பயம். எழுதாவிட்டால் மகளுக்குத் துரோகம் செய்தது போல் ஆகுமோ என்று இன்னொரு பயம். இந்த வருடம் மாரியம்மன் திருவிழாவில் ஒருவர் என் காதுபடவே நடந்ததை மாற்றிச் சொன்னார். அதற்கப்புறம்தான் உட்கார்ந்தேன்.

நான் குன்னூர்ப் பக்கம் ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டும் வண்டி ஓட்டுகிறேன். ஒரே மகள் சுகன்யா. அந்த மைதானத்தின் வேலியோரத்திலேயே வளர்ந்தவள். உடைந்த கிளப்பை வைத்து அடிக்கப் பழகி, பெரியவர்கள் பார்த்துக் கைதூக்கிவிட, கடைசியில் நாட்டுக்காக ஆடும் அளவுக்கு வந்தாள். கிளப் என்றால் பந்தை அடிக்கும் கோல். கொழும்பில் நடந்தது பல நாட்டுப் பெண்கள் குழுக்கள் மோதும் போட்டி. பரிசுப் பணம் கிடையாது. ஒரு நாட்டுக்கு மூன்று பேர், நான்கு நாள் ஆட்டம். ஒவ்வொரு நாளும் மூன்று பேரில் நன்றாக ஆடிய இரண்டு பேர் கணக்கை மட்டும் சேர்ப்பார்கள். இந்த ஆட்டத்தில் குறைந்த அடியில் முடிப்பவர்தான் கெட்டிக்காரர். தெரியாதவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

வீட்டுக்காரிக்கு முட்டி வலி. நான் மட்டும் கிளம்பினேன். அதுதான் முதல் விமானம். மேலே ஏறும்போது காது அடைத்ததை நெஞ்சடைப்பு என்று நினைத்து, பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கையை எடுக்கவில்லை. இறங்கியதும் கடவுச்சீட்டைப் பார்த்த அதிகாரி சிங்களத்தில் ஏதோ கேட்டார். நான் "கோல்ஃப், மகள், முருகா" என்றேன். சிரித்துவிட்டு முத்திரை குத்தினார்.

வெள்ளவத்தையில் பரமேஸ்வரி அக்கா என்பவர் வீட்டில் அறை. யாழ்ப்பாணத்துக்காரர், அறுபது வயது, கணவர் இல்லை, பிள்ளைகள் கனடாவில். மாடி வீட்டில் இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறார். சாமி அறையில் ஊதுவத்தி வாசனை வந்ததும் பாதி பயம் போனது. மீதிப் பாதி, பையை வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்த உடனே திரும்பி வந்தது. தரை அதிர்ந்தது. சன்னல் கண்ணாடி தடதடவென்று ஆடியது. எங்கள் மலையில் மண் சரியும்போது முதலில் இப்படித்தான் அதிரும். நான் செருப்பில்லாமல் கூடத்துக்கு ஓடி வந்தேன்.

அக்கா மீன்காரரிடம் பேரம் பேசுகிற மாதிரி நிதானமாகச் சொன்னார். "அது கடற்கரையால போற கோச்சி, தம்பி. தெஹிவளைக்குப் போகுது. உம்மை ஏத்த வரேல்லை, இரும்." கோச்சி என்றால் ரயில்.

அன்று இரவுச் சாப்பாடு இடியப்பமும் சொதியும் தேங்காய்ச் சம்பலும். எங்கள் பக்கத்துச் சந்தகை மாதிரிதான், ஆனால் நூல் போல மெல்லிசு. சம்பல் காரத்தில் கண்ணீர் வந்தது. அக்கா பார்த்துவிட்டு, "மகளை நினைச்சு அழுகிறீரோ, உறைப்புக்கோ?" என்றார். இரண்டுக்கும்தான் என்றேன்.

மறுநாள் பொரளைப் பக்கம் இருக்கிற மைதானத்துக்குப் போனேன். பயிற்சி ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் மைதானம் ஏறி இறங்கும். இது தட்டையாக, மரமும் குளமுமாக, நடுவிலேயே ரயில் பாதையோடு இருக்கிறது. ரயில் வந்தால் ஆட்டக்காரர்கள் நின்று வழிவிடுகிறார்கள். என் கண் முதலில் புல்லைத்தான் பார்த்தது. தடித்த புல், சூட்டுக்குத் தாங்குவது, நன்றாகவே வெட்டியிருந்தார்கள். அந்த ஆட்களிடம் பேச ஆசையாக இருந்தது. பாஷை தெரியாமல் வாயை மூடிக்கொண்டேன்.

பார்ப்பவர்களுக்காகக் கட்டியிருந்த கயிற்றோரம் சுகன்யா வந்தாள். முகமெல்லாம் வேர்வை.

"அப்பா, இந்த ஊர்ல கை நிக்காம வேர்க்குது. மூணு அயர்ன்ல கிரிப் வழுக்குது. மாத்திக் குடுக்கறீங்களா?"

அயர்ன் என்றால் இரும்புத் தலை வைத்த கிளப், கிரிப் என்றால் கைப்பிடியின் ரப்பர் உறை. சின்ன வயதிலிருந்து அவள் கிளப்புக்கு நான்தான் உறை மாற்றுவேன். வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டாள்.

"பயமா இருக்கா கண்ணு?"

"இருக்கு. நேத்து கை நடுங்குச்சு. கேப்டன் மேடம்கிட்ட சொல்லிராதீங்க." கேப்டன் மேடம் ஆடுகிறவர் இல்லை. குழுவை நடத்த டெல்லியிலிருந்து வந்த அம்மா. "நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள பை வைக்கிற பேக் ரூம்ல குடுத்திருங்க."

மூன்று கிளப்பையும் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தேன். அவளுக்குக் கை நடுங்குகிறது என்ற ஒரே நினைப்புதான் வழி முழுக்க. பழைய உறையை அறுத்து, ஒட்டு நாடா சுற்றி, பெட்ரோல் தடவிப் புது உறையை ஏற்றினேன். அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து பார்த்தார். "தம்பி, வீட்டைக் கொளுத்தப் போறீரெண்டால் முதலே சொல்லும். நான் பென்ஷன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியில நிக்கிறன்."

கொட்டாஞ்சேனையில் அம்மன் கோயில் இருக்கிறது என்று சொன்னதும் அவர்தான். மூன்றாம் நாள் காலை துண்டுச் சுற்றோடு கிளம்பினேன். மட்டக்குளி பஸ்ஸில் ஏறினால் வழியில் இறங்கிக்கொள்ளலாம் என்றார். நடத்துனரிடம் கோயில் கோயில் என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். நெரிசலில் என் கையிலிருந்த கிளப் ஒரு அம்மாவின் முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தது. அவர் சிங்களத்தில் தன் மகளிடம் ஏதோ சொல்ல, பின்னால் நின்ற ஒருவர் எனக்குத் தமிழில் சொன்னார்: "இந்த மனுஷன் மண்வெட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போகிறான், பாவம், இடித்தால் இடிக்கட்டும் என்கிறார்."

கொட்டாஞ்சேனை எப்போது போனது என்று தெரியவில்லை. கடைசி நிறுத்தத்தில் இறக்கிவிட்டார்கள். மட்டக்குளி. நெருக்கமான மாடிக் குடியிருப்புகள், மீன் வாடை, எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரிச் சந்து. இங்கே எனக்கு ஏதாவது ஆனால் மகளுக்குக் கிளப்கூட போய்ச் சேராது என்று நினைத்தபோதுதான் ஒரு ஆட்டோக்காரர் என் துண்டைப் பார்த்து நிறுத்தினார்.

"என்ன அண்ணே, அயர்னா? முனை தெரியுது."

அவர் பெயர் நஸீர். கொழும்பு முஸ்லிம், என் வயதுதான் இருக்கும். பொரளை மைதானத்தில் பத்து வருடம் ஆட்டக்காரர்களுக்குப் பை சுமந்தவராம். அம்மன் கோயிலுக்குப் போக வேண்டும் என்றேன். "கோயில தாண்டி வந்துட்டீங்க. ஏறுங்க, பயப்படாம ஏறுங்க" என்றார். அந்தச் சொல்லுக்காகவே ஏறினேன்.

எங்கள் ஊர் வழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். ஆயுத பூஜைக்கு மைதானத்துக் கொட்டகையில் புல் வெட்டும் வண்டி, உருளை, அரிவாள் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்போம். வண்டியின் நெற்றியில் வைத்தால் போதாது. எது வேலை செய்கிறதோ அதில் வைக்க வேண்டும். வண்டிக்குப் பிளேடில், அரிவாளுக்கு வாயில். என் அப்பா அப்படித்தான் வைத்தார், நானும் அப்படித்தான்.

கோயிலில் ஐயர் மூன்று கிளப்பையும் பார்த்துவிட்டு, "இதுகளுக்கு என்ன நட்சத்திரம்?" என்று கேட்டார். மகளுடையது சுவாதி என்றேன். அர்ச்சனை முடிந்து சந்தனமும் குங்குமமும் இலையில் கொடுத்தார். நான் தூண் ஓரமாக உட்கார்ந்து, ஒவ்வொரு கிளப்பிலும் பந்து படுகிற முகத்தில் சந்தனத்தைக் குழைத்துப் பூசினேன். நடுவில் பொட்டு வைத்தேன். அம்மா, அவள் கை நடுங்கக் கூடாது, பந்து நேராகப் போக வேண்டும் என்று கேட்டேன். இரண்டையும் கேட்டேன்.

அவளிடம் சொன்னால் வேண்டாம் என்பாள் என்று தெரியும். அதனால் காய்ந்த பிறகு குங்குமத்தை மட்டும் துடைத்துவிட்டேன். கிளப் முகத்தில் மெல்லிய பள்ளக் கோடுகள் உண்டு. அவற்றுக்குள் சந்தனம் இறங்கியிருந்தது. அது இருக்கட்டும் என்று விட்டேன். நஸீர் பேக் ரூம் வரை கொண்டு விட்டார். மறுநாள் காலையும் வரச் சொன்னேன்.

மறுநாள் போட்டியின் முதல் நாள். விடியும்போது நல்ல மழை பெய்து விட்டிருந்தது. அக்கா பாணும் பருப்புக் கறியும் வைத்தார். பாண் என்றால் ரொட்டிதான். இரண்டு வாய் இறங்கியது. "அர்ச்சனை செய்தாச்சு, பிறகென்ன பயம்?" என்றார். அந்தத் தைரியத்தில் ஆட்டோவில் ஏறியதும் நானே பெருமையாக நஸீரிடம் சொன்னேன், கிளப்புக்குச் சந்தனம் பூசிய கதையை.

அவர் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"எங்க பூசினீங்க அண்ணே? பிடியிலயா?"

"முகத்துலதாங்க."

"அடிக்கிற முகத்துலயா?"

"ஆமாங்க."

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "அது பெரிய பிழை. முகத்துல எதயாச்சும் பூசி அடிச்சா ஆட்டத்துலேருந்தே தூக்கிடுவாங்க. எண்ணெய் பூசின ஒரு தொரைய அப்பிடித் தூக்கினத நான் கண்ணால கண்டேன். அடிக்காம இருந்தா ஒண்டுமில்ல, தொடச்சா முடிஞ்சது. ஒருக்கா அடிச்சாத்தான் கேஸ். மகளுக்கு எத்தன மணிக்கு?"

எட்டு நாற்பது. மணி எட்டு பத்து.

நஸீர் வண்டியை விரட்டினார். ஆட்டக்காரர்கள் போன் வைத்துக்கொள்ள மாட்டார்கள். கேப்டன் மேடத்தின் நம்பர் என்னிடம் இல்லை. பொரளைச் சந்தியில் பஸ்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டோம். அதைத் தாண்டினால் ரயில் கேட் மூடியிருந்தது. இன்னும் ரயில் வரவில்லை, வெறும் கேட். நான் இறங்கிக் குனிந்து போகப் பார்த்தேன். நஸீர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "செத்துப் போனா யார் போய்ச் சொல்றது?" என்றார். விடிகாலை மழையில் ஈரமாக இருந்த சீட்டில் உட்கார்ந்து, அம்மா, அவள் இன்னும் அடிக்காமல் இருக்கட்டும் என்று வேண்டினேன். முந்தின நாள் கேட்டதற்கு நேர் எதிராக ஒன்றை அதே அம்மனிடம் கேட்கிறோமே என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மைதானத்துக்குள் ஓடியபோது எட்டு ஐம்பத்தைந்து.

முதல் குழியின் பச்சைத் திட்டில் சுகன்யா நின்றுகொண்டிருந்தாள். பந்தைக் கையில் எடுத்து வைத்திருந்தாள். பக்கத்தில் அவளோடு ஆடிய தாய்லாந்துப் பெண். சுகன்யா பந்தை மூக்கருகே கொண்டு போனதைக் கயிற்றுக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தேன். பிறகு அவள் கூட்டத்தில் கண்ணை ஓட்டி என்னைக் கண்டுபிடித்தாள். என் முகமே சொல்லியிருக்கும்.

மழையால் காலையில் பயிற்சி இடத்தை மூடியிருந்தார்கள். அவள் அந்த மூன்று கிளப்பையும் தொட்டே பார்க்கவில்லை. இரண்டாவது அடியை அவற்றில் ஒன்றால் அடித்திருக்கிறாள். பந்து அழகாகக் குழிக்குப் பக்கத்தில் போய் விழுந்திருக்கிறது. துடைக்க எடுத்தால் வெள்ளைப் பந்தில் மூன்று மஞ்சள் கோடுகள், நெற்றியில் பட்டை இட்ட மாதிரி.

அந்தத் தாய்லாந்துப் பெண் எதையும் கவனிக்கவில்லை. பந்தைத் துடைத்துக் கீழே வைத்திருந்தால் உலகத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. சுகன்யா கையைத் தூக்கினாள். நடுவரைக் கூப்பிட்டாள்.

நடுவர் ஒரு சிங்கள அம்மா, மெல்லிய குரல். எல்லாவற்றையும் கேட்டு, பந்தையும் கிளப்பையும் படம் எடுத்துக்கொண்டார். மூன்று கிளப்பையும் கழுவச் சொன்னார். தொடர்ந்து ஆடு, கணக்கு அட்டையில் கையெழுத்துப் போடும் முன் நடுவர் குழு முடிவு செய்யும் என்றார். நஸீர்தான் எனக்கு இதை எடுத்துச் சொன்னார். வண்டியை எங்கே விட்டுவிட்டு வந்தாரோ தெரியவில்லை.

மீதிப் பதினேழு குழியும் கயிற்றோரமாக நடந்தேன். அந்த நாலரை மணி நேரத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவள் நன்றாக ஆட ஆட எனக்குப் பயம் கூடியது. கேவலமாக ஆடினால், கணக்கு போனாலும் பெரிய நட்டமில்லை என்று தகப்பனாகிய நானே நினைத்தேன், அம்மன் மன்னிக்கட்டும். அவளோ கை நடுங்காமல், கண் கலங்காமல், ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்தாள். ரயில் வந்தபோது மற்றவர்களோடு நின்று வழிவிட்டாள். நஸீர் வாங்கி வந்த வடையைக் கையில் வைத்தபடியே பதினாறாம் குழி வரை நடந்திருக்கிறேன். எண்ணெய் உள்ளங்கையில் வழிந்திருந்தது.

அறுபத்தொன்பதில் முடித்தாள். அன்று அந்த மைதானத்தில் அதைவிடக் குறைவாக யாரும் முடிக்கவில்லை. எங்கள் குழுவின் மற்ற இரண்டு பெண்களுக்கும் சரியாக அமையவில்லை. அவள் கணக்கு நின்றால்தான் குழு மேலே வரும் என்று எனக்கே தெரிந்தது.

ஒரு சின்ன அறை. நடுவர் அம்மா, வெள்ளைக்காரப் பெரியவர் ஒருவர், இன்னொருவர். ஒரு மூலையில் கேப்டன் மேடம். சுகன்யா உட்கார்ந்திருந்தாள். அவள் விஷயம் என்பதால் அவள் எனக்கு மொழிபெயர்க்கக் கூடாது என்றார்கள். நஸீரை உள்ளே கூப்பிட்டார்கள். பெரியவர் ஆங்கிலத்தில் கேட்பதை நடுவர் அம்மா சிங்களத்தில் சொல்ல, நஸீர் எனக்குத் தமிழில் சொன்னார்.

கிளப்பை உங்களிடம் கொடுத்தது மகள்தானா? ஆமாம். பூசியது அவளுக்குத் தெரியுமா? தெரியாது. எதற்காகப் பூசினீர்கள்?

இந்த இடத்தில் நஸீர் குரலைத் தாழ்த்தி, கேள்வியோடு சேர்த்தே சொன்னார். "விதி இதுதான் அண்ணே. அடிக்குப் பலன் கெடைக்கணும்னு பூசினாத்தான் பிழை. சும்மா வழக்கத்துக்கு, அலங்காரத்துக்குன்னு சொல்லுங்க. விட்ருவாங்க."

வழக்கம் என்று சொன்னேன். கருவிக்குப் பொட்டு வைப்பது எங்கள் வழக்கம். அது பொய்யில்லை.

பெரியவர் அன்பாகத்தான் பார்த்தார். அடுத்ததையும் அன்பாகத்தான் கேட்டார். வழக்கம் என்றால் ஏன் பிடியில் வைக்கவில்லை, ஏன் பந்து படுகிற இடத்தில் வைத்தீர்கள்? நான் வண்டியின் பிளேடைப் பற்றிச் சொன்னேன். அப்படி வைத்தால் புல் நன்றாக வெட்டுப்படும் என்று நம்புகிறீர்களா? அதே மாதிரி, பந்து நன்றாகப் போகும் என்று நம்பினீர்களா?

இல்லை என்பது ஒரே ஒரு சொல். அதைச் சொன்னால் மகள் கணக்கு நிற்கும். மேடம் என்னையே பார்த்தார். நஸீர் தரையைப் பார்த்தார். சுகன்யா தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோயில் தூணோரம் உட்கார்ந்து என்ன கேட்டேன் என்று எனக்கும் அம்மனுக்கும் தெரியும். அம்மன் முன்னால் கேட்டதை இவர்கள் முன்னால் கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வேன்?

"நம்பினேங்க. இப்பவும் நம்புறேங்க" என்றேன்.

நஸீர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே சிங்களத்தில் சொன்னார். பாஷை தெரியாவிட்டாலும் அவர் சொன்ன விதத்தில் எனக்குத் தெரிந்தது.

எங்களை வெளியே நிற்கச் சொன்னார்கள். இருபது நிமிடம். பிறகு சுகன்யாவை மட்டும் கூப்பிட்டார்கள். அவளுக்காக வேலை செய்தவர் செய்தது அவளே செய்ததற்குச் சமம், அந்தக் கிளப்பால் ஒரு அடி அடித்தாயிற்று, அன்றைய கணக்கு செல்லாது. குழுப் போட்டி என்பதால் அடுத்த மூன்று நாளும் ஆடலாம். மேடம் என்னைத் தாண்டிப் போனார், ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சுகன்யா படியில் உட்கார்ந்து அழுதாள். நான் இரண்டு படி கீழே உட்கார்ந்தேன்.

"எதுக்குப்பா என்கிட்ட சொல்லாம பூசினீங்க?"

"நீ வேண்டாம்பேன்னு பயந்துதான் கண்ணு."

"சொல்லியிருப்பேன். கண்டிப்பா சொல்லியிருப்பேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கோபம் அப்படியே இருந்தது. "உள்ள கேட்டாங்கள்ல, நம்புறீங்களான்னு. நீங்க இல்லைன்னு சொல்லிருவீங்களோன்னு எனக்குப் பயமா இருந்துச்சு."

"இல்லைன்னா நீ தப்பிச்சிருப்பியே."

"அப்புறம் கொட்டகையில எப்படிப்பா பொட்டு வெப்பீங்க?"

பையை இழுத்துக்கொண்டு குழுவின் வண்டிக்குப் போய்விட்டாள்.

வெள்ளவத்தை திரும்பும் வழியில் நஸீர், "நான் சொன்ன மாதிரி சொல்லியிருக்கலாம் அண்ணே" என்றார். கொஞ்ச தூரம் போய், "சொல்லாததும் நல்லதுதான்" என்றார். வீட்டில் அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சோற்றைப் போட்டார். "அம்மாள் காப்பாத்தேல்லையே எண்டு யோசிக்கிறீரோ?" என்றார். ஆமாம் என்பதை, ஓம் என்று அவர் பாஷையிலேயே சொன்னேன். "எனக்கும் சில விஷயத்தில அந்தக் கேள்வி கிடக்கு, தம்பி. விளக்கு வைக்கிறதை நிப்பாட்டேல்லை. சாப்பிடும்."

மற்ற மூன்று நாளும் சுகன்யா ஆடினாள். நல்ல ஆட்டம்தான், ஆனால் முதல் நாள் போல இல்லை. மூன்று குழுவுக்குத்தான் பதக்கம். நாங்கள் நான்காவது. முதல் நாள் அவள் கணக்கு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அங்கே எல்லோரும் கூட்டிப் பார்த்தார்கள். நான் கூட்டவில்லை. கணக்குப் பலகையில் அவள் பெயருக்கு நேரே முதல் நாள் கட்டத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தார்கள். போட்டிப் புத்தகத்திலும் அந்தக் கோடுதான் இருக்கிறது.

ஊரில் சிலர், சந்தனத்தால்தான் பந்து அப்படிப் போனது, பொறாமையில் வெளியே தள்ளினார்கள் என்கிறார்கள். சந்தனம் பட்டது ஒரே ஒரு அடியில். மற்றதெல்லாம் கழுவிய கிளப்பால் அவள் அடித்தது. யாரும் பொறாமைப்படவும் இல்லை. திருவிழாவில் பேசியவர், அவள் அறுபத்தைந்தில் முடித்தாள், அம்மன் கூடவே நடந்தாள் என்று சொன்னார். கூட நடந்தவன் நான்தான், வடையைக் கையில் வைத்துக்கொண்டு.

ஆகையால் இதைப் படிக்கிறவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். யாரிடமாவது சொல்வதாக இருந்தால் இப்படியே சொல்லுங்கள். பூசியவன் நான். கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டவள் அவள். கேட்டபோது நம்புகிறேன் என்றேன், கணக்கை எடுத்துவிட்டார்கள், அது நியாயம்தான். ஆனால் என் மகள் அன்று அடித்தது அறுபத்தொன்பது. வேறெங்கும் அது எழுதப்படவில்லை. அழகுக்காக ஒன்றைக் குறைத்துவிடாதீர்கள், மறதியில் ஒன்றைக் கூட்டியும் விடாதீர்கள்.